போர் பாத்த பசங்கள படம் எடுக்க ஒரு உள்ளங்கை ரெக்கார்டர்: ரெண்டு வருஷம் யூஸ் பண்ண கதை

முதல்லயே சொல்லிடறேன், இது பாக்ஸ பிரிச்சு காட்டுற டைப் ரிவ்யூ இல்ல. நான் சவுண்ட் ஆளு, டாக்குமெண்டரிக்கு சவுண்ட் எடுக்கிறது, அப்புறம் எடிட் ரூம்ல உக்காந்து எடுத்ததையே நூறு தடவ கேக்கிறது, இதான் நம்ம பொழப்பு. போன ரெண்டு வருஷமா போர்ல வீடு வாசல விட்டுட்டு ஓடி வந்த பசங்கள பத்தின ஒரு படத்துல வேல பாத்தேன், அந்த படத்தோட சவுண்ட்ல முக்கால்வாசி சட்ட பாக்கெட்ல அடங்கற சைஸ்ல இருக்கற ஒரு ரெக்கார்டர்ல எடுத்தது தான். ஆரம்பத்துல அத பேக்கப்புக்கு தான் கொண்டு போனேன், கடைசியில பாத்தா பெரிய சவுண்ட் மிக்ஸர் மெஷின் பையிலயே தூங்குச்சு, இது தான் ஓடுச்சு. எந்த ஊரு எந்த முகாம்னு சொல்ல மாட்டேன், ஏன்னு கீழ போகப் போக புரியும். கம்பெனி பேரும் போடல, இந்த வகையில இப்ப நாலஞ்சு பேரு கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் விக்கிறாங்க, நான் திட்டுறதுல பாதி எல்லாருக்கும் பொருந்தும்.

பொருள் என்னன்னு சீக்கிரம் பாத்துடலாம். தலையில ரெண்டு குட்டி மைக்கு, ஒண்ணுக்கொண்ணு குறுக்க பாத்த மாதிரி, எக்ஸ் ஒய் ஸ்டீரியோன்னு சொல்வாங்களே அது. ட்ரிபிள் ஏ பேட்டரி ரெண்டு, மைக்ரோ எஸ்டி கார்டு, யூஎஸ்பி சி, வெளி மைக் போட 3.5 எம்எம் ஓட்டை ஒண்ணு, ஹெட்ஃபோனுக்கு ஒண்ணு. நடு மூஞ்சியில கட்டவிரல் அகலத்துக்கு ஒரு ரெக்கார்ட் பட்டன். 32 பிட் ஃப்ளோட்ல ரெக்கார்ட் பண்ணும். இந்த கடைசி விஷயத்துக்காக தான் வாங்குனேன், ஆனா கடைசியில மனசுல நின்னது அந்த பட்டன் தான், அத பத்தி அப்புறம்.

32 பிட் ஃப்ளோட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. சாதா ரெக்கார்டர்ல கெயின்னு ஒண்ணு வைக்கணும், மெதுவா பேசறவங்களுக்கு ஏத்தி வைக்கணும் கத்தறவங்களுக்கு இறக்கி வைக்கணும், ஏத்தி வச்ச நேரம் பாத்து கத்திட்டாங்கன்னா சவுண்ட் கிழிஞ்சிடும், கிளிப் ஆயிடுச்சும்போம், அது போனா போனது தான், எந்த சாஃப்ட்வேரும் ஒழுங்கா திருப்பி தராது. 24 பிட்ல ரொம்ப மெல்லிய சத்தத்துக்கும் ரொம்ப பெரிய சத்தத்துக்கும் நடுவுல கணக்குப்படி 144 டெசிபல் (சத்தத்த அளக்கற அலகு) இடைவெளி, 32 பிட் ஃப்ளோட்ல அது 1,500 டெசிபலுக்கு மேல. பேப்பர்ல தான். மைக் கேப்ஸ்யூல் தாங்கற அளவு ஒண்ணு இருக்கு, அத தாண்டுனா எத்தன பிட் போட்டாலும் கிழியும். ஆனா ரூம்ல உக்காந்து பேசற பேச்சுக்கு, முணுமுணுப்புல இருந்து அலறல் வரைக்கும், அப்புறமா எடிட்ல ஏத்தி இறக்கிக்கலாம், கெயின் குமிழே கிடையாது.

இது பசங்க விஷயத்துல ஏன் பெருசுன்னா, ஒரு பையன், ஏழு வயசு இருக்கும், அவன் பேசறது எனக்கு ஒரு அடி தள்ளி கேக்காது, உதடு அசையறத வச்சு தான் பேசறான்னே தெரியும். அவங்க தெருவுல யாரு யாரு வீடு இருந்துச்சுன்னு வரிசையா சொல்லிட்டே வந்தான், அஞ்சாவது வீட்டுக்கு வந்ததும் திடீர்னு ரெண்டு கையையும் விரிச்சு விமானம் வர்ற சத்தத்த வாயால போட்டான் பாருங்க, நான் ஹெட்ஃபோன புடுங்கி எறிஞ்சேன். பழைய ரெக்கார்டரா இருந்தா அந்த இடம் காலி. இதுல அப்படியே உக்காந்திருக்கு, அந்த முணுமுணுப்பும் இருக்கு அந்த விமானமும் இருக்கு, விமானம் முடிஞ்சதும் "அஞ்சாவது வீடு எங்க அத்தை வீடு"ன்னு மறுபடியும் முணுமுணுத்தான் அதுவும் இருக்கு. அத விட முக்கியமா, நான் மீட்டர பாத்துட்டு உக்காராம அவன் மூஞ்சிய பாத்துட்டு உக்காந்திருந்தேன். சவுண்ட் ஆளுங்க வாழ்நாள்ல பாதி மீட்டர தான் பாப்போம், எதிர்ல இருக்கவன பாக்க மாட்டோம்.

ஃபைல் சைஸ் பெருசா இருக்குமேன்னு கேப்பீங்க. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோல ஒரு மணி நேரத்துக்கு 1.4 ஜிபி கிட்ட வரும். 32 ஜிபி கார்டுல 20 மணி நேரத்துக்கு மேல போகும். ஒரு குழந்தைய ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல பேச வைக்கவே கூடாது, அப்புறம் கார்டு எங்க நிறையும்.

இப்ப நாங்க பண்ண கூத்த சொல்றேன், ஏன்னா அது இல்லாம இந்த ரெக்கார்டர் அருமை புரியாது. முதல் நாள் நாங்க ஃபுல் செட்டோட போனோம். கேமரா, ட்ரைபாட், பூம் (நீளக் கம்பு நுனியில மாட்டற மைக்), லைட்டு, கிளாப் போர்டு, எல்லாம். ட்ரைபாட் நீளமான கருப்பு பைக்குள்ள தோள்ல தொங்குது. முகாம் வாசல்ல விளையாடிட்டு இருந்த பசங்க எங்கள பாத்ததும் அப்படியே நின்னுட்டாங்க, ஒருத்தன் தங்கச்சி கைய புடிச்சு பின்னால இழுத்தான். தோள்ல நீளமா கருப்பா தொங்கற பைன்னா அவங்களுக்கு என்னன்னு எங்க மண்டையில உறைக்கவே இல்ல, கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அக்கா தான் "அத முதல்ல கீழ வைங்க"ன்னாங்க. அதோட விட்டோமா, உள்ள போய் கேமரா வச்சு, கேமராமேன் தம்பி பழக்க தோஷத்துல கிளாப் போர்ட டப்புனு அடிச்சான். எதிர்ல உக்காந்திருந்த பொண்ணு நாற்காலிக்கு அடியில. விழல, போனா. கண்ணு மூடி திறக்கறதுக்குள்ள அடியில குந்தி காத பொத்திட்டா. அதுக்கப்புறம் அன்னைக்கு ஷூட்டிங் எங்க, அவங்க அம்மா வந்து கூட்டிட்டு போயிட்டாங்க, நாங்க எங்க மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம கேபிள சுருட்டிட்டு இருந்தோம்.

கிளாப் அன்னையோட ஒழிஞ்சுது. இப்ப சிங்க்குக்கு, அதாவது படத்தையும் சவுண்டையும் பொருத்தறதுக்கு, நான் மைக் மேல விரலால மெதுவா ஒரு தட்டு தட்டுவேன், இல்லன்னா எடிட்டிங் சாஃப்ட்வேரே ரெண்டு சவுண்ட் அலையையும் ஒப்பிட்டு சேத்துக்கும், டாவின்சி ரிசால்வ்ல இது சும்மாவே இருக்கு. ட்ரோன் கொண்டு போயிருந்தோம், பொட்டியவே திறக்கல. தலைக்கு மேல அந்த ரீங்காரம் கேட்டு வளந்த பசங்க இருக்கற இடத்துல அழகான டாப் ஷாட் வேணும்னு அத பறக்க விடறவங்கள எனக்கு புரியவே இல்ல, இன்னமும் நிறைய படத்துல பாக்கறேன்.

ரெக்கார்டருக்கு வருவோம். வெளிய காத்து அடிக்கும்போது மைக் மேல ஒரு ரோமக் கவர் போடணும், எங்க ஃபீல்டுல அதுக்கு பேரே செத்த பூனை. சாம்பல் கலர்ல புசுபுசுன்னு இருக்கும். பெரிய பூம்ல அது இருந்தா கம்பு நுனியில ஏதோ மிருகத்த குத்தி வச்ச மாதிரி இருக்கும், பசங்க பயப்படுவாங்க. இந்த குட்டி ரெக்கார்டருக்கு வர்ற கவர் எலிக்குட்டி சைஸ். நாற்காலிக்கு அடியில போச்சே ஒரு பொண்ணு, ஒன்பது வயசு, நாலஞ்சு நாள் கழிச்சு நாங்க பாட்டுக்கு ஓரமா உக்காந்திருந்தோம், அவளே வந்து ரெக்கார்டர எடுத்தா. எடுத்து கவர தடவி பாத்தா. மூக்கு எங்கன்னு தேடுனா. இல்லன்னதும் மறுபக்கம் திருப்பி தேடுனா. நான் ஹெட்ஃபோன அவ காதுல வச்சு, கவர நீயே தடவு இப்பன்னு சைகை காட்டுனேன். ஹெட்ஃபோன்ல அந்த சத்தம் காட்டுல நடக்கற மாதிரி கேக்கும். அவ மூஞ்சி போன போக்க சொல்ல எனக்கு வார்த்தை இல்ல. அஞ்சு நிமிஷம் தடவிட்டே இருந்தா, அப்புறம் ஹெட்ஃபோன கழட்டி தம்பி காதுல வச்சா, அப்புறம் பின்னால க்யூ நின்னுடுச்சு.

அன்னையில இருந்து ரூல் ஒண்ணு வச்சுகிட்டோம். பேட்டின்னா ரெக்கார்டர் என் கையில இல்ல, பேசற குழந்தை கையில. பட்டன் அவங்க அமுக்குனா தான் ஓடும், அவங்க அமுக்குனா நிக்கும். பெரிய பட்டன், சின்ன விரலுக்கும் தப்பாம மாட்டும், அமுக்குனா ஒரு கிளிக் தெரியும். இத தான் மேல சொன்னேன். பெத்தவங்க கையெழுத்து போட்ட ஃபாரம் எங்ககிட்ட இருந்துச்சு, ஃபாரம் இல்லாம தொடவே கூடாது அது வேற. ஆனா பெரியவங்க சம்மதம் குழந்தையோட சம்மதம் ஆயிடாது. 1989 நவம்பர் 20ல ஐநா பொதுச்சபை ஏத்துகிட்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை இருக்கே, அதுல 12வது பிரிவு தன்ன பாதிக்கற விஷயத்துல கருத்து சொல்ற உரிமை குழந்தைக்கு இருக்குன்னு சொல்லுது, 16வது பிரிவு அந்தரங்கத்த காக்குது. அமெரிக்காவ தவிர ஐநா உறுப்பு நாடுங்க எல்லாமே ஒப்புதல் கொடுத்த உடன்படிக்கை அது. அத படிச்சு காட்டி ஒரு ஏழு வயசு பையனுக்கு என்னத்த புரிய வைப்பீங்க, "வேணாம்னா சொல்லு"ன்னு சொன்னாலும் பெரியவங்க முன்னாடி எந்த குழந்தையும் வேணாம்னு சொல்லாது, அதுவும் முகாம்ல, வெளிய இருந்து வந்தவங்க ஏதோ உதவி பண்ண வந்திருக்காங்கன்னு வீட்ல நினைச்சுட்டு இருக்கற இடத்துல. பட்டன கையில கொடுத்தா வாயால சொல்லத் தேவையில்ல.

இந்த ரூல் எங்க கழுத்த புடிச்ச நாளும் வந்துச்சு. அந்த பொண்ணு, அதே பொண்ணு தான், அவங்க கிளம்புன ராத்திரிய சொல்லிட்டு வந்தா. யாரும் கேக்கல, அவளே ஆரம்பிச்சா. வண்டியில யாரு யாரு ஏறுனாங்க, என்ன எடுத்துட்டு வந்தாங்க, பாட்டி ஏன் வரல, அது வரைக்கும் வந்துட்டா. "அப்பா கதவ சாத்துறேன்னு திரும்பி போனாரு"ன்னா. கிளிக். சிவப்பு லைட் அணஞ்சுது. ரெக்கார்டர என் மடியில வச்சுட்டு எழுந்து தண்ணி குழாய் பக்கம் போயிட்டா. கேமராவயும் அப்பவே நிறுத்தணும்னு எங்களுக்குள்ள பேச்சு, நிறுத்தியாச்சு. கேமராமேன் தம்பி என்ன பாக்கறான். "என்னக்கா, படமே அங்க தானே இருந்துச்சு, கூப்பிட்டு ஒரே ஒரு தடவ கேட்டு பாக்கலாமா?" எனக்கும் கேக்கணும்னு தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். டைரக்டர் ஒரு வார்த்தை பேசல, ஆனா அவர் விரல் நாற்காலி கைப்புடிய தட்டிட்டே இருந்துச்சு. கேக்கல. யுனிசெஃப் குழந்தைகள பத்தி செய்தி பண்றவங்களுக்குன்னு வச்சிருக்கற வழிகாட்டுதல்ல பட்ட துக்கத்தையும் வலியையும் மறுபடி கிளறுற கேள்வி கேக்காதன்னு நேராவே இருக்கு. படத்துல இப்ப அந்த இடம் அப்படியே தான் வருது, வாக்கியம், கிளிக், அப்புறம் வெறும் முகாம் சத்தம் இருபது செகண்ட். டெஸ்ட் ஸ்கிரீனிங்ல ஒருத்தர் ஆடியோ கட் ஆயிடுச்சான்னு கேட்டாரு.

இன்னொண்ணு சொல்லணும். நாங்க போறதுக்கு முன்னாடியே நிறைய டீம் அந்த முகாமுக்கு வந்துட்டு போயிருக்காங்க. ஒரு பையன் உக்காந்ததும் மைக்க பாத்துட்டு கேட்டான், "எங்க இருந்து சொல்லணும், விமானம் வந்ததுல இருந்தா, இல்ல எல்லைய தாண்டுனதுல இருந்தா?" எத்தன பேருக்கு சொல்லியிருப்பான் பாருங்க, சேப்டர் பிரிச்சு வச்சிருக்கான். பேட்டி எடுக்கறவங்க எண்ணிக்கைய குறைக்கணும்னும் அதே வழிகாட்டுதல்ல இருக்கு, மொழிபெயர்ப்பாளர் அக்காவ தவிர நாங்க ரூம்ல மூணு பேருக்கு மேல போகல. அவன்கிட்ட நாங்க எங்க இருந்தும் கேக்கல. ரெக்கார்டர எடுத்துட்டு போய் உனக்கு புடிச்ச சத்தத்த புடிச்சுட்டு வான்னு அனுப்பிட்டோம்.

ரெக்கார்டர ராத்திரி பசங்ககிட்டயே விட்டுட்டு வர ஆரம்பிச்சது அப்படித்தான். பெரிய ரிஸ்க் தான், தொலஞ்சிருந்தா தொலஞ்சது. ஒண்ணும் தொலையல. வந்த ஃபைல எல்லாம் கேட்டா, தண்ணி க்யூல நடக்கற சண்டை, தம்பி தூக்கத்துல பல்ல கடிக்கறது, மழை தகரத்து மேல விழறது, ஒரு பெரியவர் இருமல், ஒரு ஃபைல் முழுக்க ஒருத்தி ஒண்ணுல இருந்து நானூத்தி சொச்சம் வரைக்கும் எண்ணிட்டே இருக்கா எதுக்குன்னே தெரியல. போர் சத்தம்னு பாத்தா ஒரே ஒரு ஃபைல், பசங்க செக்போஸ்ட் விளையாட்டு விளையாடறாங்க, ஒருத்தன் அடையாள அட்டை கேக்கறான், இன்னொருத்தன் இலையோ எதையோ எடுத்து நீட்டறான் போல, "இது செல்லாது"ங்கறான். அத கேட்டப்ப எனக்கு டெரிசின் ஞாபகம் வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல நாஜிங்க யூதங்கள அடைச்சு வச்சிருந்த அந்த கெட்டோல ஃப்ரிட்ல் டிக்கர் பிராண்டைஸ்னு ஒரு ஓவியர் பசங்களுக்கு ரகசியமா வரைய சொல்லிக் கொடுத்தாங்க, 1944ல ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படறதுக்கு முன்னாடி பசங்க வரஞ்ச கிட்டத்தட்ட 4,500 படத்த ரெண்டு சூட்கேஸ்ல போட்டு மறைச்சு வச்சுட்டு போனாங்க, இப்ப பிராக் யூத அருங்காட்சியகத்துல இருக்கு. அதுல பூவும் வீடும் பட்டாம்பூச்சியும் நிறைய. வரஞ்ச பசங்கள்ல பெரும்பாலானவங்க உயிரோட இல்ல. நம்ம ஆளுங்க போய் "குண்டு விழுந்தத வரஞ்சு காட்டு"ன்னு கலர் பென்சில் கொடுக்கறத நான் நேர்ல பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

காலர் மைக் ஏன் போடலன்னு சவுண்ட் நண்பர்கள் கேட்டாங்க, குவாலிட்டி இத விட நல்லா இருக்குமேன்னு. இருக்கும், மறுக்கல. ஆனா வயர சட்டைக்குள்ள விட்டு மைக்க நெஞ்சுல மாட்டணும், அதுக்கு குழந்தைய தொடணும். வழியெல்லாம் ஆளாளுக்கு சோதனைன்னு இந்த பசங்கள நிறுத்தி தடவியிருக்காங்க. அது ஒண்ணு. ரெண்டாவது, வயர்லெஸ் மைக் மாட்டுனா குழந்தை அஞ்சு நிமிஷத்துல அத மறந்துடும், எங்க போனாலும் பேசறது எனக்கு கேக்கும். ஒரு தடவ மாட்டி பாத்தோம், பையன் எழுந்து ஓடிப் போய் அவங்க அம்மாகிட்ட ஏதோ காதுல சொன்னான், என் ஹெட்ஃபோன்ல தெளிவா கேட்டுச்சு, மொழி புரியலன்னாலும் அது எனக்கு சொன்னது இல்லன்னு புரிஞ்சுது. அப்ப கழட்டுனது தான், திரும்ப மாட்டல. கையில இருக்கற ரெக்கார்டர்னா அது இருக்குன்னு குழந்தைக்கு தெரியும், எழுந்து போனா வச்சுட்டு போகும்.

சரி, குறைக்கு வருவோம், நிறைய இருக்கு.

முதல் குறை, சத்தம். ஆன் பண்ணா பீப், ரெக்கார்ட் பண்ணா பீப். நான் வாங்குன மாடல்ல கண்ணு தெரியாதவங்களுக்காக மெனுவ வாய்விட்டு படிக்கற வசதி வேற, நல்ல வசதி தான் குறை சொல்லல, ஆனா டப்பாவுல இருந்து எடுத்த நிலையில அது ஆன்ல இருந்துச்சு, பட்டன அமுக்குனதும் ஒரு பொம்பள குரல் இங்கிலீஷ்ல ஏதோ கத்துச்சு, தூங்கிட்டு இருந்த கைக்குழந்தை எழுந்து அழுதுச்சு. ஆஃப் பண்ற இடம் மெனுல அஞ்சாறு படி உள்ள. வாங்குன அன்னைக்கே வீட்லயே எல்லாத்தையும் அணைச்சுட்டு கிளம்புங்க. சிவப்பு லைட்ட கருப்பு டேப் போட்டு மறைக்கலாம்னு சிலர் சொல்வாங்க, மத்த படத்துக்கு சரி, இங்க மறைக்காதீங்க, ஓடுதா இல்லயான்னு குழந்தைக்கு தெரியணும்.

ரெண்டாவது, உடம்பு முழுக்க பிளாஸ்டிக், விரல் நகர்ந்தா கரகரன்னு கேக்கும். குழந்தை கையில கொடுத்தா எப்பவும் விரல் நகரும். பழைய சாக்ஸ் ஒண்ண வெட்டி கீழ பாதிக்கு உறை மாதிரி போட்டேன், பாதி குறஞ்சுது, மீதிய விட்டுட்டேன், படத்துலயும் கேக்கும். பேட்டரி மூடிய பத்தி பேசவே கூடாது, மூணாவது மாசமே கொக்கி உடைஞ்சு டேப் போட்டு ஒட்டி தான் ஓட்டறேன், சர்வீஸுக்கு எழுதுனா ஃபோட்டோ கேட்டாங்க, அனுப்புனேன், மறுபடியும் ஃபோட்டோ கேட்டாங்க, விட்டுட்டேன்.

மூணாவது, வெளி மைக்க செருகுனா உள்ள இருக்கற ரெண்டு மைக்கும் கட் ஆயிடும், ரெண்டும் சேந்து வேல பாக்காது. குழந்தைக்கு ஒண்ணு மொழிபெயர்ப்பாளருக்கு ஒண்ணுன்னு தனித்தனி டிராக் வேணும்னா ரெண்டாவது ரெக்கார்டர் வாங்கணும், நான் வாங்குனேன். வாங்குனதால தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. மொழிபெயர்ப்பாளர் அக்கா "அவ சொல்றா"ன்னு சொல்ல மாட்டாங்க, நேரா "நான்"னு தான் சொல்வாங்க, அதான் அந்த தொழில் முறை. அவங்களும் அதே போர்ல இருந்து வந்தவங்க. ராத்திரி அவங்க டிராக்க மட்டும் தனியா கேட்டுட்டு இருந்தேன், "எங்க அப்பா திரும்பி போனாரு"ன்னு அவங்க குரல்ல வருது, அதுக்கப்புறம் ஒரு நீள மூச்சு, அப்புறம் மைக்ல இருந்து மூஞ்சிய திருப்புன மாதிரி சத்தம் தேயுது. மறுநாள் அவங்களுக்கு லீவு கொடுத்தோம். அத அன்னைக்கே ரூம்ல கவனிச்சிருக்கணும், நாங்க எல்லாரும் குழந்தைய தான் பாத்துட்டு இருந்தோம்.

டைம்கோடு (கேமராவையும் ரெக்கார்டரையும் ஒரே கடிகாரத்துல ஓட வைக்கற வசதி) கிடையாது, நீளமா ஓட விட்டா கேமராவோட ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் நழுவும். அரை மணி நேர ஃபைலுக்கு பெருசா தெரியல. உள்ள இருக்கற ஸ்பீக்கர் சுத்த வேஸ்ட், கொசு பாடற மாதிரி. பேசுனத குழந்தைக்கே போட்டு காட்டணும் பாருங்க, இது வேணுமா வேணாமான்னு கேக்க, அதுக்கு ஹெட்ஃபோன் கட்டாயம், அதுவும் காத முழுக்க மூடாத டைப் கொண்டு போங்க, காத மூடுனா சில பசங்களுக்கு ஆகாது, பின்னால யாரு வர்றாங்கன்னு கேக்கணும் அவங்களுக்கு.

இப்ப பெரிய விஷயம், பாதுகாப்பு. இந்த ரெக்கார்டர்ல ஜிபிஎஸ் கிடையாது, வைஃபை கிடையாது, ஃபைலுக்குள்ள தேதியும் நேரமும் மட்டும் தான் உக்காரும். ஃபோன்ல எடுத்தா செட்டிங்க மறந்தீங்கன்னா வீடியோக்குள்ளயே இடம் பதிஞ்சிடும், அந்த வகையில இது மேல். ஆனா கார்டுக்கு பூட்டு எதுவும் இல்ல, யாரு கையில கிடைச்சாலும் கம்ப்யூட்டர்ல செருகி கேக்கலாம். ரெக்கார்டர்ல டெலிட் கொடுத்தா ஃபைல் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க, மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் திரும்ப எடுக்கலாம். பொண்ணு "இத அழிச்சுடு"ன்னா அவ கண்ணு முன்னாடி டெலிட் பண்ணேன், ராத்திரி ரூமுக்கு போய் கார்ட முழுசா மேலெழுதி அழிச்சேன். மத்தத எல்லாம் அன்னைக்கே பாஸ்வேர்ட் போட்ட டிஸ்க்குக்கு ஏத்திட்டு, ஃபைல் பேர்ல நம்பர் மட்டும், எந்த நம்பர் யாருங்கறது ஒரு நோட்டுல, நோட்டு வேற ஒருத்தர்கிட்ட.

முகத்த மறைச்சா போதும்னு நிறைய பேரு நினைக்கறாங்க. சவுண்ட் ஆளா சொல்றேன், போதாது. குரல வச்சு தெரிஞ்சவங்க ஒரே வார்த்தையில கண்டுபுடிச்சுடுவாங்க. குரல தடிப்பாக்கி போடறாங்களே டிவில, வெறும் பிட்ச் மட்டும் மாத்துனதுன்னா அத திருப்பி மாத்தறது கஷ்டமே இல்ல. ஊர்ல இன்னும் சொந்தக்காரங்க மாட்டிட்டு இருக்காங்க, ஆயுதம் தூக்க வச்ச பசங்களும் நாங்க பேசுனவங்கள்ல உண்டு, தப்பிச்சு வந்தவங்க, அவங்க குரல படத்துல வைக்கவே இல்ல. அவங்க சொன்னத அப்படியே எழுதி வேற ஒரு குரல்ல பேச வச்சோம், மூச்சு எங்க விட்டாங்களோ அங்கயே விட்டு, ரெக்கார்டிங்க காதுல போட்டு கேட்டுகிட்டே பேச வச்சோம். பேசி முடிச்சதும் மூல ஃபைல அழிச்சாச்சு.

இதெல்லாம் பண்ணியும் ஒரு இடத்துல கோட்ட விட பாத்தேன். எடிட் முடியற சமயம், ஃபைனல் மிக்ஸ், ஒரு பையன் பேசிட்டு இருக்கான், பின்னால ஏதோ முனகல். 32 பிட்டாச்சே, ஏத்தி பாப்போம்னு 30 டெசிபல் ஏத்துனேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு. ஊர் பேரோட. ஷூட்ல எங்க யாரு காதுக்கும் கேக்கல, மைக்குக்கு கேட்டிருக்கு. நான் ஏத்துன மாதிரி யாரு வேணா ஏத்தலாம். உக்காந்து ரெண்டு வருஷ ஃபைலையும் மறுபடி முதல்ல இருந்து கேட்டேன், இன்னும் ரெண்டு இடத்துல கிடைச்சுது, ஒண்ணு பள்ளிக்கூடத்து மைக்ல தலைமையாசிரியர் பேர் சொல்றாங்க, இன்னொண்ணு பஸ் கண்டக்டர். மூணையும் வெட்டி வேற இடத்து சத்தத்த வச்சு மூடுனேன். ஊர் பேர் கேக்காதீங்கன்னு மேல சொன்னது இதுக்கு தான்.

வாங்கலாமான்னு கேட்டா, தனியா ஒரு ஆள பேட்டி எடுக்க, பசங்களோட வேல பாக்க, கண்டிப்பா வாங்கலாம். அஞ்சுக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒண்ணு பேட்டரி மூடிக்கு போச்சு. கூட்டத்துக்கு, தூரத்துல இருந்து எடுக்க, பெரிய ஸ்கிரீன் சினிமா சவுண்டுக்குன்னா வேற பாருங்க. பட்டன் சின்னதா, டச் ஸ்கிரீனா இருக்கற மாடல் இத விட விலை கூட வருது, மத்தவங்களுக்கு நல்லா இருக்கலாம், குழந்தை கையில கொடுக்கறதா இருந்தா வேணாம்.

ரோமக் கவர் மட்டும் ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கோங்க. கிளம்பற அன்னைக்கு ரெக்கார்டர் பத்திரமா திரும்பி வந்துச்சு, தலை மொட்டையா. கவர் எங்கன்னு கேட்டதுக்கு ஒன்பது வயசு ஒண்ணு தம்பிய காட்டுச்சு, தம்பி அவள காட்டுனான், ரெண்டு பேர் சட்ட பாக்கெட்டும் புசுபுசுன்னு இல்ல, அதுக்கு மேல நான் தேடல.